யாருமில்லாத நோரா சிஸ்டர்

நசரத்பேட்டையில் முப்பது வருஷம் பிரசவம் பார்த்த அயர்லாந்து நர்ஸ் நோரா சிஸ்டருக்கு, எண்பத்தொன்பது வயதில் இடுப்பெலும்பு முறிந்ததோடு நடை போயிற்று. வெளிநாடுகளில் ஆதரவில்லாமல் இருக்கும் தன் மக்களுக்கு அயர்லாந்து அரசு உதவுகிறதென்று கேள்விப்பட்டு, ஒரு சக்கர நாற்காலிக்கு மனுப்போட்டவன் பக்கத்து வீட்டு ஜேசுராஜ். 'கவனிக்க யாருமில்லை' என்று அதில் எழுதியதும் அவன்தான்.

விசாரிக்க டெல்லி அயர்லாந்து தூதரகத்திலிருந்து அதிகாரி வரும் நாளில் ஒருவரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாதென்று வீடுவீடாகப் போய் மிரட்டினான். அவன் பேச்சை அவன் பெண்டாட்டியே கேட்டதில்லை. அன்று தெருவே கேட்டது. ஜேசுராஜ் மட்டும் வேவு பார்க்க ஜன்னலுக்கு வெளியே குந்தியிருந்தான்.

அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டி எழுதிக்கொண்டார். வந்தவருக்கு டீ போடலாமென்று சிஸ்டர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், சாய்ந்தார். அவர் தரையைத் தொடுமுன் ஜேசுராஜ் உள்ளே பாய்ந்து தாங்கிவிட்டான்.

"இவர் யார்?" என்றார் அதிகாரி ஆங்கிலத்தில்.

"தினமும் என்னைத் தூக்கி உட்கார வைக்கிறவன்" என்றார் பொய் சொல்லத் தெரியாத சிஸ்டர்.

யாருமில்லாதவர்களுக்குத்தான் இந்த உதவி என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு அதிகாரி புறப்பட்டார்.

சிஸ்டர் நசரத்பேட்டைத் தமிழுக்குத் திரும்பினார். "இன்னாத்துக்குடா ஓடியாந்தே? நான் பாட்டுக்கு உயுந்து கெடந்திருப்பேன். சேர் வந்திருக்கும்."

"உயுந்து மிச்ச எலும்பையும் ஒடைச்சிக்கினா, அந்தச் சேர்ல எதை வெச்சிக்கினு குந்துவே சிஸ்டர்?"