வெடி போடாத ஊர்

சித்தப்பா கலியபெருமாள் வண்டியிலிருந்து சாக்கை இறக்கியபோது, பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. சாக்கின் வாய் திறந்திருந்தது. உள்ளே சிவப்புச் சரவெடிக் கட்டுகள்.

அப்பாவின் தலைமாட்டிலிருந்து செம்மொழி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"இது எதுக்கு சித்தப்பா?"

"எதுக்குன்னா? எங்கண்ணனக் கொண்டுபோக வேணாமா?"

"ஏரிக்கரையில வெடிக்கிறதுக்கா?"

"சுடுகாட்டுக்கு வேற வழி வச்சிருக்கியா நீ?"

வேறு வழி இல்லை. கரையை ஒட்டிய கருவேல மரங்களில் ஐப்பசியில் வந்திறங்கிய நாரைகள் இந்தத் தை மாதத்தில் குஞ்சு வைத்திருந்தன. அரசாங்கம் சரணாலயம் என்று பலகை நட்டதோடு சரி. காவல் இருந்தது செம்மொழியின் அப்பா இளையபெருமாள்தான். சம்பளம் கிடையாது. அவரை யாரும் இருக்கச் சொல்லவும் இல்லை. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள். அவர் வெடிக்கட்டைக் கேட்க வந்திருப்பார். கையைக் கூப்பி, கெஞ்சி, திட்டு வாங்கி, சட்டை கிழிந்தாலும் வாங்கிக்கொண்டுதான் போவார். பல வருஷமாக அந்த ஊர்ப் பிணங்கள் மேளத்தைத் தெருமுனையோடு விட்டுவிட்டுக் கரைமேல் ஓசையில்லாமல்தான் போயின.

செம்மொழிக்குப் பறவைகள்மேல் பாசம் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் 'கொக்குக்காரர் மவ' என்று பெயர். ஒருமுறை கல்யாண ஊர்வலத்தில் யாரோ கரைமேல் வெடித்தார்கள். நாரைகள் மொத்தமாக எழும்பின. அவை திரும்புவதற்குள் காக்கைகள் கூடுகளில் இறங்கிவிட்டன. தண்ணீரில் கிடந்த குஞ்சுகளை அப்பா உரச்சாக்கில் பொறுக்கி வந்து பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கொட்டினார். அந்த நாற்றமும், தோழிகள் முன்னால் பட்ட வெட்கமும்தான் அவளுக்கு நினைவிருந்தன. தஞ்சாவூரில் ஜவுளிக்கடை வேலைக்குப் போனதே இதிலிருந்து தப்பிக்கத்தான்.

"எடுத்துட்டுப் போயிருங்க சித்தப்பா."

"நீ சொல்லிட்டா ஆச்சா? நாரை வந்து பாடை தூக்குமா? நாங்கதானே தூக்கணும்?"

ஒருவன் சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து இருமினான்.

உள்ளேயிருந்து அம்மா பொன்னுத்தாயின் குரல் வந்தது. "நான்தான் வாங்கியாரச் சொன்னேன்."

செம்மொழி திரும்பினாள். அம்மா பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் காய்ந்திருந்தன.

"ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம பகை. அவரு நின்னாரு, நானும் கூடவே நின்னேன். போகையிலயாவது ஒரு மனுசன் போறான்னு தெரிய வேணாமா? நாய் செத்தாப்புல தூக்கிட்டுப் போவணுமா?"

"அம்மா, அப்பாவே இத..."

"அவரு செத்துட்டாருடி. நான்தான் இருக்கேன்."

செம்மொழிக்குச் சரி என்று சொல்லிவிடத்தான் ஆசை. கொஞ்ச நேரச் சத்தம். காரியம் முடிந்ததும் பஸ் ஏறிவிடலாம். ஆனால் இந்த வீட்டிலேயே வெடித்துவிட்டால், நாளை எந்த வீட்டு வாசலில் போய் யார் வேண்டாம் என்று சொல்வது?

அடுத்த வீட்டு நாகரத்தினம் அத்தை கதவோரம் நின்றிருந்தாள். அவள் மகன் விபத்தில் செத்தபோது அவன் வெடியையும் இளையபெருமாள் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவள் இந்த வாசலை மிதித்ததில்லை. இன்றுதான் வந்திருந்தாள்.

"வெடிங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை. "பொன்னுத்தாயி கேக்குறது நியாயந்தான். எம்புள்ளய மட்டும் ஏன் ஊமையா அனுப்ப வச்சாருன்னு யாராவது சொல்லிட்டு வெடிங்க."

அம்மா பிணத்தின் கால்மேல் கிடந்த துணியைச் சரிசெய்தாள்.

செம்மொழி சாக்கைத் தூக்கினாள். கனத்தது. இழுத்துக்கொண்டு போய் மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்து, மிதந்த கட்டுகளைக் கையால் அமுக்கிப் பிடித்தாள். சிவப்புச் சாயம் முழங்கைவரை ஏறியது.

"அப்பன் புத்தி," என்று சித்தப்பா காறித் துப்பினார்.

வாய்க்கரிசி போடும்போது, அம்மா தட்டை அவளிடம் நீட்டாமல் அவளுக்கு அடுத்து நின்றவளிடம் நீட்டினாள்.

தெருமுனையில் மேளம் நின்றது. பெண்களும் நின்றுகொண்டார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீடு; தம்பி என்ற முறையில் சித்தப்பா கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். அப்போதுதான் செம்மொழி பார்த்தாள். அவர் வேட்டி மடி புடைத்திருந்தது. சாக்கு தொட்டிக்குப் போகுமுன்பே ஒரு சரத்தை எடுத்து ஒளித்திருக்கிறார்.

அவள் பெண்களைத் தாண்டி நடந்தாள்.

"ஏய், பொம்பளைங்க வரக்கூடாதும்மா," என்றார் பின்னால் யாரோ.

அவள் நிற்கவில்லை. பாடையை முந்திப் போய்ச் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். அப்பாவின் முகத்தைத் தெருமுனையில் நின்று கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். இப்போது சித்தப்பாவின் மடியைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கையில் நெருப்பு. இன்னொரு கை சும்மா தொங்கியது. கரை ஏறியதும் அந்தக் கை மெல்ல மடிக்குப் போனது.

"சித்தப்பா."

அவர் திரும்பிப் பார்த்தார். "நீ ஒரு சொட்டுகூட அழுவலையேடி."

"அப்புறம் அழுவுறேன். கைய எடுங்க."

அவர் நடை தளர்ந்தது. சட்டியின் புகை அவர் கண்ணில் ஏறியது. மடிக்குப் போன கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

தலைக்கு மேலே தாழ்ந்த கிளையில் ஒரு நாரை நத்தையைக் கக்கிக் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. பாடை அதன் அடியில் வந்தபோதும் அது திரும்பிப் பார்க்கவில்லை. எச்சம் ஒன்று சொட்டென்று கோடித்துணியின்மேல் விழுந்தது. தூக்கிப்போனவர்களுக்குக் கை ஒழியவில்லை. யாரும் துடைக்கவில்லை.