ஆயுசு வரைக்கும்

"பேத்தி கல்யாணம் முடிஞ்சதும் கெளம்பிருவேன்" என்று சொல்லிக்கொண்டுதான் கமருன்னிஸா மாமி லண்டனிலிருந்து வந்து இறங்கினார். வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கல்யாணத்துக்கு வருகிறவர் பட்டுப்புடவை கொண்டு வரலாம், சாக்லேட் கொண்டு வரலாம். தையல் மிஷினும் பழைய ஆல்பமும் இரண்டு கம்பளியும் எதற்கு? மருமகள் நஃபீசாவுக்கு அன்றைக்கே மூக்கில் வியர்த்துவிட்டது.

அதிராம்பட்டினத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பார். நஃபீசாவின் உம்மா அவளுக்குக் கொடுத்த வீடு இது. இனி அவள் மகள், கல்யாணப்பெண் தஹ்மீனாவுக்குப் போகும். மாமியும் அப்படித்தான் தன் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்தார். மாமா மவுத்தான பிறகு அந்த மகளோடு லண்டனுக்குப் போய் ஆறு வருடம் இருந்தார். ஊரிலிருக்கும் அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருப்பதாகச் சொன்னார். சொந்த மகள் வீட்டை விட்டுவிட்டு மருமகள் வீட்டில் மாதக்கணக்கில் உட்காருகிற மாமியாரை இந்த ஊர் இதுவரை கண்டதில்லை.

துபாயிலிருந்து போன் செய்த கணவன் காதர் மைதீனிடம் நஃபீசா எரிந்து விழுந்தாள்.

"உம்மா எப்ப போறாங்கன்னு கேளுங்க."

"எப்படிப் புள்ள கேக்குறது? மனசு நோகும்ல."

"என் மனசு மட்டும் இரும்புல செஞ்சதா?"

மாமியோ வீட்டை ஓர் அறை விடாமல் சுற்றி வந்தார். கொல்லைப்பக்கத்துச் சின்ன அறையில் நின்றுகொண்டு, "இது யாருக்கு?" என்று கேட்டார். தாய்ப்பத்திரம் எங்கே இருக்கிறது என்றார். ஒரு நாள் மகனிடம் போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது நஃபீசாவின் காதில் விழுந்தது.

"அவசரப்பட்டு எழுத வுடாத காதரு. நான் சொல்றதக் கேளு."

அவ்வளவுதான். வீட்டில் ஒரு பங்கைத் தன் பிள்ளை பெயருக்கு வாங்காமல் இந்த மனுஷி நகரமாட்டாள் என்று நஃபீசா முடிவு கட்டிவிட்டாள். வீட்டை மகள் பெயருக்குப் பத்திரம் பதிய அடுத்த வாரம்தான் நாள் குறித்திருந்தது. அவள் அதை யாருக்கும் சொல்லாமல் இந்த வாரம் வியாழக்கிழமைக்கே மாற்றினாள். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போகிறோம் என்று சொல்லி மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். "நானும் வரட்டா?" என்றார் மாமி. "வெயிலு மாமி" என்று வாயை அடைத்துவிட்டாள்.

பத்திரம் எழுதும் மீரா உசேன் எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆயுசு வரைக்கும் நீங்க இந்த வீட்டுல இருந்துக்கலாம்னு ஒரு வரி சேத்துடலாமாம்மா?"

இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் இப்படிக் கேட்டு நஃபீசா கேள்விப்பட்டதில்லை. அவளுக்குச் சுரீரென்றது.

"எங்க மாமி இங்க வந்தாங்களா?"

"முந்தாநாள் வந்தாங்க. அவங்கதான்…"

"ஒரு வரியும் வேணாம். இருக்குறபடியே பதிங்க."

கையெழுத்துப் போட்டபோது அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. மாமியை முந்திக்கொண்ட சந்தோஷத்தில் மகளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். தஹ்மீனா தோழியைப் பார்க்க நடுவில் இறங்கிக்கொள்ள, ஆட்டோ மாமியின் பழைய தெரு வழியாகத் திரும்பியது. மாமியின் வீட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாசலில் புதிதாக ஒரு கிரில் கேட். வாடகைக்குக் குடியிருப்பவன் கிரில் போடுவானா? நஃபீசா இறங்கிக் கேட்டாள்.

"வாடகையா? நாங்க வெலைக்கி வாங்கி எட்டு மாசமாச்சே" என்றாள் உள்ளிருந்து வந்த பெண்.

நஃபீசா வீட்டுக்கு வந்தபோது மாமி கூடத்தில் உட்கார்ந்து கல்யாணத்துக்குக் காயவைக்க மருதாணி இலையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மாமி, ஒங்க வீட்ட வித்துட்டாங்களா?"

மாமியின் கை நின்றது.

"லண்டன்ல வீடு வாங்கணும்னு மக சொன்னா. அவ பேர்ல இருக்குறத அவ வித்தா. நான் எப்படி வேணாங்குறது? அங்க சின்ன வீடு, பேரனும் வளந்துட்டான், தனி ரூம் கேட்டான். கல்யாணத்த சாக்கு வச்சு கொஞ்ச நாளு இருந்துட்டு வாங்க உம்மான்னு டிக்கெட் போட்டுக் கொடுத்தா. ஒரு வழி டிக்கெட்டு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னான்னு சொல்றது? மகளப் பத்தி வெளிய சொன்னா எனக்குத்தானே கேவலம். அதான் உனக்கும் இப்புடி ஆயிரக் கூடாதுன்னு பத்திரக்காரர்ட்ட போனேன். அடுத்த வாரம் எழுதும்போது அந்த ஒரு வரிய மறந்துராத நஃபீசா."

நஃபீசாவுக்கு வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. இந்த மனுஷியையா இத்தனை நாள் கரித்துக் கொட்டினோம் என்றிருந்தது.

"இன்னைக்கே எழுதிட்டேன் மாமி. அந்த வரிய வேணாம்னு நான்தான் சொன்னேன்."

மாமி மருதாணி இலையைத் தள்ளி வைத்தார்.

"தஹ்மீனா அப்புடிலாம் செய்ய மாட்டா மாமி" என்றாள் நஃபீசா அவசரமாக. "என் மக ரொம்ப நல்லவ."

"என் மகளும் நல்லவதாம்மா" என்றார் மாமி.