இருபத்தேழு யூனிட்

மீற்றர் பார்க்கிறவன் பில்லைக் கிழித்து நீட்டியதும் சுபோதினி யூனிட் எத்தனை என்றுதான் முதலில் பார்த்தாள். இருபத்தேழு! போன மாதம் இருபத்தொன்பது. முப்பதைத் தாண்டினால் விலை ஏறிவிடும் என்பது வெள்ளவத்தையில் யாருக்குத்தான் தெரியாது? தெரிந்துகொண்டு அதற்குள்ளேயே நிற்கிறவர்கள் அந்த மாடிக்கட்டடத்தில் வேறு யாரும் இல்லை என்று அவள் சத்தியம் பண்ணுவாள். மீற்றர்க்காரனும் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். "மிஸ், கெதர கவுருத் நெத்த?" என்றான், வீட்டில் ஒருத்தருமே இல்லையா என்று. சுபோதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேர் இருக்கிறோம் என்று சிங்களத்தில் சொல்லி, பக்கத்தில் நின்ற மகள் ஆரபியை இழுத்து முன்னால் நிறுத்தியும் காட்டினாள். அன்றைக்கு நாலு மாடி ஏறியதும் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த இருபத்தேழு சும்மா வந்ததா என்ன? ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பஸீர் நானா மேலே ஏறிவந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். கீழே பலசரக்குக் கடை வைத்திருப்பவர்; கனடாவில் இருக்கிற வீட்டுக்காரருக்காக வாடகை வாங்கிக் கொடுப்பதும் அவர்தான். "நான் எவ்வளவோ செல்லிப் பாத்த தங்கச்சி. அவர் கேக்கிறாரில்ல. அடுத்த மாசத்திலேந்து வாடகை எழுபத்தஞ்சாயிரமாம்" என்றார். அறுபதாயிரத்துக்கே மூச்சு முட்டிக்கொண்டிருந்த வீடு அது. கணவன் கார்த்திகனுக்குப் புறக்கோட்டையில் துணி மொத்தக் கடையொன்றில் வேலை. மாதம் முழுக்க மற்றவர்களுடைய மூட்டைகளுக்குக் கணக்கு எழுதி அவன் கொண்டுவரும் சம்பளத்தில் முக்கால்வாசி இனிமேல் கனடாவுக்குப் போகும்.

அன்றிரவே செலவுகளை வெட்டத் தொடங்கினாள். ரீவி இணைப்பு போனது, பிறகு ரீவியும் போனது. மொண்டிசோரி வான் போனது. அவளும் பிள்ளையும் நடந்தார்கள். பால்மா பெரிய பெட்டியிலிருந்து சின்னப் பைக்கற்றுக்கு இறங்கியது. பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டு, சும்மா நிற்கிற சாமானை வீணாக்குவானேன் என்று ஆரபியின் படப்புத்தகங்களையும், கரையில் ஃபோல்ஸ் தைத்துக் கொடுக்கக் கடைகளிலிருந்து வாங்கி வருகிற சேலைகளையும் அதற்குள் அடுக்கினாள். எறும்பு வராது, பூச்சி அரிக்காது. கார்த்திகனின் சேர்ட்டுகளை ஈரம் காயுமுன் மடித்து மெத்தைக்குக் கீழே வைத்தால் விடிய மடிப்புக் கலையாமல் வரும், அயன் பெட்டி எதற்கு? இரண்டு கைப்பேசியையும் ஒரு பவர் பாங்கையும் அவன் கடைக்குக் கொண்டுபோய் சார்ஜ் பண்ணிக்கொண்டு வந்தான். "முதலாளி கண்டா எனக்குக் கரண்ட் பில் அனுப்பப் போறார்" என்பான். அவனால் அந்த நாட்களில் செய்ய முடிந்த பகிடி அவ்வளவுதான்.

பகிடி இல்லாத நாளில் அவன் கொட்டாஞ்சேனையைப் பற்றிக் கதைப்பான். அங்கே அவனோடு வேலை செய்யும் செபஸ்தியனுக்குத் தெரிந்த வீடு ஒன்று, ஒரு அறை, ஒரு ஹோல், வாடகை பாதி.

"இஞ்ச பாரும் சுபோ, பாதி மிஞ்சினா பிள்ளைக்கு நல்ல சாப்பாடு குடுக்கலாம். நீரும் விடிய விடிய ஊசி குத்தத் தேவையில்லை."

"முதல்ல கடிதம் வரட்டும். வந்த பிறகு நீங்கள் எங்க சொன்னாலும் வாறன்."

கடிதம் என்றால் பாடசாலை அனுமதிக் கடிதம். ஒழுங்கையின் முனையில், காலி வீதிப் பக்கமாக இருந்த அந்தப் பெண்கள் பாடசாலையின் முதலாம் வகுப்புக்கு, அருகில் வசிக்கிறவர்கள் என்ற பிரிவில் விண்ணப்பிக்க வேண்டுமென்றால் இங்கேயே இருக்கவேண்டும். இருக்கிறோம் என்பதற்கு வாக்காளர் இடாப்பு, வாடகை உறுதி, வருடக்கணக்கான பில்கள் எல்லாம் காட்டவேண்டும். இருக்கிறவர்கள் இப்படிக் காட்டிக்கொண்டிருக்க, இல்லாதவர்களும் காட்டினார்கள். தெகிவளைக்கு அப்பாலும் வத்தளையிலும் குடியிருந்துகொண்டு, வெள்ளவத்தையில் வெறும் முகவரியை மட்டும் வாடகைக்கு எடுத்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! அதனால்தான் பாடசாலையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வீடு பார்க்க வருவார்கள்.

சுபோதினிக்கு அந்தப் பாடசாலைமேல் இருந்த ஆசையைக் கார்த்திகனுக்கு முழுதாக விளங்கப்படுத்த அவளால் முடிந்ததில்லை. அவள் படித்தது ஏழு பள்ளிக்கூடங்களில். வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, ஒன்றில் மூன்று மாதம், ஒன்றில் ஒரு வருடம், கடைசியில் ஒன்றில் கூரையே இல்லை, தறப்பாள்தான். ஏழு பள்ளிக்கூடத்துக் கீதங்களிலும் அவளுக்கு முதல் இரண்டு வரி தெரியும். ஒன்றிலாவது கடைசி வரி தெரியாது. பாடமாவதற்குள் மூட்டை கட்டிவிடுவார்கள். தன் பிள்ளை ஒரே வாசலால் போய், ஒரே வாசலால் வந்து, ஒரே வெள்ளைச் சட்டையை அளவு மாற்றி மாற்றிப் போட்டு, பதின்மூன்று வருடம் ஒரே பாட்டைப் பாடவேண்டும். இதைத்தான் அவள் கேட்டாள். பெரிய ஆசையா இது? அவளுக்குப் பெரிய ஆசைதான்.

காலையில் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் அசெம்பிளிப் பாட்டு பல்கனி வரைக்கும் வரும். சுபோதினி ரொட்டி சுடுவதை நிறுத்திவிட்டு வந்து நிற்பாள். ஆரபியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடுவாள். பாட்டின் இரண்டாம் பந்தியின் நடுவில் கோட்டைக்குப் போகிற ரயில் கடற்கரையோரமாகத் தடதடத்துக்கொண்டு வந்துவிடும். ஒரு வரியோ ஒன்றரை வரியோ அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். ரயில் தாண்டிப் போனதும் பிள்ளைகளின் குரல் விட்ட இடத்துக்கு அப்பாலிருந்து திரும்பவும் வரும். எட்டாவது பாட்டிலும் ஒரு துண்டு குறைகிறதே என்று சுபோதினி அந்த ரயிலைத் திட்டாத நாளில்லை.

விண்ணப்பத்தோடு கொடுக்கிற ஆவணக் கோவையைத் தயார்பண்ணியபோது, கடைசிப் பதினெட்டு மாத மின்சாரப் பில்களைத்தான் அவள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். நாற்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்று, இருபத்தொன்பது என்று இறங்கி இறங்கி வந்த தாள்கள். அவளுக்கு அவை பரீட்சைப் பெறுபேறு மாதிரி. இருபத்தேழை முதலாவதாக வைத்து, சுருங்காமல் தடவிவிட்டாள்.

அவர்கள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு ஆசிரியை, கோவையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு மனிதர். சுபோதினி ஜன்னலடியில் வெளிச்சத்துக்கு இருந்து ஃபோல்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள்; பக்கத்தில் தரையில் ஆரபி நூல்கட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். வீடு பளிச்சென்றிருந்தது. வீடு பார்க்க வருவார்கள் என்று இரண்டு வாரமாகவே அவள் எல்லாவற்றையும் துடைத்து, ஒதுக்கி, மூலையில் கிடந்ததையெல்லாம் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருந்தாள். வாங்கோ, இருங்கோ என்றாள். இருக்க இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் இருந்தன. சோபாவை மாசியில் விற்றிருந்தார்கள்.

அந்த மனிதர் இருக்கவில்லை. அறையை எட்டிப் பார்த்தார். ரீவி இருந்த இடத்தில் சுவரில் தெரிந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தார். குளியலறையில் பாதியாக வெட்டி வைத்த சவர்க்காரத்தைப் பார்த்தார். பிறகு, ஆள் இருக்கிற வீடா என்று பார்க்க இதைவிடச் சுருக்கு வழி இல்லை என்பதுபோல, நேரே போய்ப் பிரிட்ஜைத் திறந்தார். வெளிச்சம் வரவில்லை. குளிரும் வரவில்லை. மேல்தட்டில் மாம்பழ நிறச் சேலைகள், கீழ்த்தட்டில் படப்புத்தகங்கள், முட்டை வைக்கிற குழிகளில் ஆரபியின் கலர்ப் பென்சில்கள்.

"பூச்சி வராதெண்டு..." என்று தொடங்கினாள் சுபோதினி.

அவர் கதவை மெல்லச் சாத்திவிட்டுக் கோவையைத் திறந்தார். முதல் தாளே இருபத்தேழு.

"அம்மா, கோவிக்காதேங்கோ. இந்த மாசம் மட்டும் இப்பிடிப் பத்து விலாசம் பாத்திட்டம். ஆக்கள் இருக்கிறது வேற இடத்தில, விலாசம் மட்டும் இஞ்ச. மூண்டு பேர் இருக்கிற வீட்டில இருபத்தேழு யூனிட்டோ? என்ர வீட்டில பிரிட்ஜ் மட்டுமே அவ்வளவு எடுக்கும்."

கடவுளே! மீற்றர்க்காரன் கேட்டதும், தான் சிரித்ததும் ஞாபகம் வந்தது. மெத்தைக்குக் கீழே கிடக்கிற சேர்ட்டை இழுத்துக் காட்டலாமா? பவர் பாங்கைக் காட்டலாமா? கஷ்டம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அந்தச் சொல்லை இந்த ஒன்றரை வருடத்தில் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு மயூரியிடம் சொல்லவில்லை. சொல்லிப் பழகாத வாய். "நாங்கள் இஞ்சதான் சேர் இருக்கிறம்" என்று மட்டும் சொன்னாள். அது அவளுக்கே பொய் மாதிரிக் கேட்டது.

ஆசிரியை அதுவரை, சுபோதினி தைத்துக்கொண்டிருந்த சேலையின் கரையில் பாதியில் நின்ற ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பிள்ளைகளைக் கண்டால் கேட்கிற வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "குட்டிக்கு ஏதாவது பாட்டுத் தெரியுமோ?"

ஆரபி எழுந்து, இரண்டு கையையும் பக்கத்தில் விறைப்பாக வைத்துக்கொண்டாள். பாடசாலைக் கீதத்தைத் தொடங்கினாள். அந்த மனிதர் எழுதுவதை நிறுத்தினார். முதல் பந்தி பிசகாமல் போனது. இரண்டாம் பந்தியில் நடுவழியில் பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். கண்கள் மட்டும் இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தன.

"மறந்திட்டாபோல" என்றார் அவர்.

ஆரபி கையை உயர்த்தி, பொறுங்கோ என்று காட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கடைசி இரண்டு வரியையும் உரத்துப் பாடி முடித்தாள்.

"மறக்கேல்லை" என்றாள். "அதில ரயில் போறது."

ஆசிரியை தலையைத் திருப்பிப் பல்கனி வழியே பார்த்தாள். கீழே தண்டவாளம், அதற்கப்பால் கடல். அவள் எத்தனை வருடம் அந்த மண்டபத்துக்குள் நின்று அந்தப் பாட்டைப் பாடியிருப்பாள். இந்தப் பக்கம் அது எப்படிக் கேட்கும் என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறாள் போலிருந்தது.

"ரீச்சர், ரயில் போகேக்க அவையள் என்ன வரி படிக்கிறவை?" என்றாள் ஆரபி.

ஆசிரியையின் உதடு பிரிந்தது. அந்த வரி வாய்வரை வந்துவிட்டது என்று சுபோதினிக்கு நன்றாகத் தெரிந்தது. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆசிரியை பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். பிறகு ஆரபியின் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டு, "அது பள்ளிக்கூடம் வந்தாச் சொல்லித் தருவினம், என்ன" என்றாள்.

அந்த மனிதர் கோவையை மறைத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு வரி எழுதினார். என்ன எழுதினாரோ! "கடிதம் வரும்" என்றுவிட்டு இறங்கினார்கள்.

காலடிச் சத்தம் கீழ்வரை போய் அடங்கியதும் சுபோதினி தரையில் இருந்து அழுதாள். பிறகு எழுந்தாள். ஹோல் லைற்றைப் போட்டாள். அறை லைற், குசினி லைற், குளியலறை லைற், பல்கனியில் ஒரு வருடமாக எரியாத லைற். இரண்டு ஃபானையும் சுழலவிட்டாள். சேலைகளையும் புத்தகங்களையும் அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டுப் பிரிட்ஜின் பிளக்கைச் செருகினாள். அது ஒருமுறை உதறிக்கொண்டு உறுமத் தொடங்கியது. "அம்மா, உள்ளுக்கு லைற் இருக்கு!" என்று ஆரபி கத்தினாள். இப்படி ஒன்று அதற்குள் இருக்கிறதென்று பிள்ளைக்கு மறந்தே போயிருந்தது.

"வா, கீழ போய்ப் பாப்பம்" என்று அவளை இழுத்துக்கொண்டு இறங்கினாள். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. ஒழுங்கையின் மற்றப் பக்கத்தில் நின்று நாலாம் மாடியை அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொரு ஜன்னலும் எரிந்தது. நல்லாய் வாழ்கிற யாரோ குடியிருக்கிற வீடு மாதிரி இருந்தது. அங்கே இருக்க அவளுக்குக் கொள்ளை ஆசையாக இருந்தது.

பஸ்ஸால் இறங்கி வந்த கார்த்திகன் அவர்களைக் கண்டு நின்றான். அவர்கள் பார்க்கிற பக்கம் பார்த்தான். ஜன்னல்களை எண்ணிப் பார்த்தான்.

"எங்கட வீடே அது?"

"ஓம்."

"வந்திட்டுப் போட்டினமோ?"

"ஓம். கடிதம் வருமாம்."

லைற்றை நூர்த்திவிட்டு வாரும் என்று அவன் சொல்வான் என்று பார்த்தாள். அவனோ சார்ஜ் ஏற்றிய கைப்பேசிகள் இருந்த பையைத் தோள் மாற்றிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இருவருக்கும் நடுவில் நின்ற ஆரபி, கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பவும் பாட்டைத் தொடங்கினாள். இரண்டாம் பந்தியில் அந்த இடம் வந்தது. வாயை மூடினாள். தண்டவாளத்தில் ஒன்றும் வரவில்லை, கடல்தான் இரைந்தது. ஆனாலும் பிள்ளை நின்றாள், ரயில் முழுதாகப் போய் முடியும்வரை. அவர்களும் நின்றார்கள்.