இளஞ்சிவப்பு அப்பா

மகள் பிறந்த வாரத்திலிருந்து பேட்டரிக் கடைக்காரருக்கு வியர்வைக்குப் பதில் அமிலம் சுரந்தது. சட்டைகள் சல்லடையாயின, நாற்காலிப் பிரம்பு பொடிந்து உதிர்ந்தது. தெருவில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இனி ஆசிட் வாங்கும் செலவு மிச்சம் என்று பக்கத்துக் கடைக்காரர் பொறாமைகூடப் பட்டார். சோப்புப் பட்டறையில் காரம் சோதிக்கும் வேலை பார்த்த மனைவி மட்டும் நீல லிட்மஸ் தாளை அவர் நெற்றியில் ஒற்றிப் பார்த்தாள். ஒற்றுவதற்குள் சிவந்துவிட்டது. எவ்வளவு வீரியம் என்று தெரியவேண்டுமே. ஒரு கரண்டி வியர்வையை வழித்தெடுத்து, நிறம் காட்டும் திரவத்தைக் கலந்து, அளவு கீறிய கண்ணாடிக் குழாயிலிருந்து காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். இளஞ்சிவப்பு வந்தால் அமிலம் அடங்கிவிட்டது என்று அர்த்தம். குழாய்தான் காலியானது, நிறம் வரவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெற்ற மகளை அவர் இன்னும் ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

ஆசை இல்லாமலா? அறைக்கு வெளியே நின்றபடியே மணிக்கணக்காகக் கொஞ்சுவார். கொஞ்சக் கொஞ்ச வியர்க்கும், வியர்க்க வியர்க்க வாசற்படிச் சுண்ணாம்புக்கல் நுரைத்துக் கரையும். குழந்தை அந்த நுரைச் சத்தத்தைத் தாலாட்டாக எடுத்துக்கொண்டு தூங்கப் பழகிவிட்டது. படியை மாற்றி மாற்றிக் கொத்தனாருக்கு அலுத்துப்போனது.

பட்டறையில் சரியான சொட்டில் நிறுத்துவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வீட்டிலோ பொறுமை பறந்துவிட்டது. குழந்தை முதன்முதலாகக் குப்புறக் கவிழ்ந்த அன்று, அண்டா நிறையக் கரைசலும் நிறம் காட்டும் திரவமும் கலக்கி, குவளை குவளையாக அவர் தலையில் கொட்டினாள். கடைசிக் குவளை எல்லை தாண்டிவிட்டது. உச்சி முதல் பாதம் வரை பீட்ரூட் நிறம், சிவப்பு லிட்மஸ் தாள் வைத்தால் நீலமானது. மனிதர் முழுக்கக் காரம், சோப்புப் போல வழவழப்பு. கையில் எடுத்த ஸ்பானர் வழுக்கி ஓடியது, கட்டிலிலிருந்து அவரே வழுக்கி விழுந்தார்.

“அவசரப்பட்டுட்டேங்க,” என்று தேம்பினாள்.

“ஆசிட்டா இருந்தப்ப தள்ளியாவது நின்னேன். இப்ப நிக்கவே முடியலையே,” என்றார் அவர், சுவரைப் பிடிக்கப் பார்த்தபடி.

காரம் வடிந்து பழைய அமிலம் ஊறிவரும்வரை காத்திருந்தார்கள். பிறகு தினமும் சாயங்காலம் அவர் உடம்பில் நிறம் காட்டும் திரவத்தைத் தடவி உட்காரவைத்து, தோளில் கரைசலை ஒரு சொட்டு விடுவாள், பார்ப்பாள், இன்னொரு சொட்டு விடுவாள். விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பு பூத்து, ஒரு மூச்சு விடுவதற்குள் மறையும். வெள்ளை உப்பு உதிரும், அதைப் பெருக்கித் தள்ளுவாள். குழந்தை தவழ்ந்தது, நின்றது, நடந்தது. ஒரு சாயங்காலம் தோளில் பூத்த நிறம் மறைய மறந்து, மெல்ல மார்புக்கு இறங்கி, முழங்காலைத் தாண்டி, கால் நகம்வரை போய் நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். போகவில்லை. குழாயைத் திருகி மூடிவிட்டு, மகளைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

பயத்தில் அவருக்குக் குப்பென்று வியர்த்தது. வெறும் வியர்வை. மகள் அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள், காதைத் திருகினாள், பிறகு நிதானமாக அவர் மார்பை நனைத்தாள். நனைந்த இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பு போய், பழைய தோல் தெரிந்தது. மனைவி பதறிக் குழாயை எடுத்தாள்.

“இருக்கட்டும் விடும்மா,” என்றார் அவர், கண் கலங்க. “கதகதப்பா இருக்கு.”

மகள் பள்ளிக்கூடம் முடித்த பிறகும் அந்த உள்ளங்கையளவு இடம் அப்படியே இருந்தது. கடைக்கு வந்தவர்கள் இளஞ்சிவப்பு மனிதரையும் அவர் மார்புத் திட்டையும் பார்த்துவிட்டு, தங்கள் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறியாயிற்றா என்று மட்டும் கேட்டார்கள்.