இரண்டாவது டேக்

மூன்றாவது முறையாக எழுந்து போய் அவள் ஃபேனை நிறுத்தினாள்.

"அம்மா, வந்தவங்களுக்கெல்லாம் வேர்க்குதும்மா," என்றாள் மகள், காதோரமாக.

"இருக்கட்டும்."

கட்டிலில் அவர் படுத்திருந்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டார்கள். "பாவம், அக்காவுக்கு ஒண்ணும் புரியல," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

புரியாமல் என்ன. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். கை தானாகப் போகிறது. அந்த அறையில் அவர் குரல் பழகும்போது ஃபேன் ஓடக் கூடாது, குழாய் சொட்டக் கூடாது, குக்கர் விசிலடிக்கக் கூடாது. கல்யாணமான புதிதில், "இது வீடா, பரீட்சை ஹாலா?" என்று கேட்டாள். "பரீட்சைதான். மார்க்கு நீ போடு," என்றார். போட ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

படங்களில் அவர் போலீஸ்காரராக, நீதிபதியாக, குடிகாரராக, பெண்ணைப் பெற்றவராக வந்து போவார். தெருவில் பார்ப்பவர்கள், "உங்களை எங்கயோ பாத்திருக்கேனே, பேங்க்லயா?" என்பார்கள். முகம் காட்டாமல் பேசியது அதைவிட அதிகம். கரடிக்குப் பேசியிருக்கிறார், பற்பசை விளம்பரத்தில் சொத்தைப் பல்லுக்கும் பேசியிருக்கிறார். தப்பாக வரும் ஃபோனைக் காது கேட்காத கிழவியாக எடுத்துக் கால் மணி நேரம் இழுப்பார்.

செத்தது மட்டும் நூற்றுக்கு மேல். எந்தச் சாவையும் முதலில் வீட்டில் செத்துப் பார்த்துவிட்டுத்தான் மைக் முன்னால் போவார். அவள் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "குத்துப்பட்டவன் இவ்வளவு நேரமா பேசிட்டிருப்பான்? சீக்கிரம் போகச் சொல்லுங்க!"

நாளைக்கு ஒரு டப்பிங். தூக்கத்தில் சாகும் கிழவன். இன்று காலை உள்ளேயிருந்து நீளமாக ஒரு முனகல் வந்தது.

"ஓவரு! தெருவே கூடிடும். இன்னொரு தடவை!" என்றாள்.

கொஞ்சம் கழித்து ஒரு மூச்சு மட்டும் கேட்டது. மெல்ல ஏறி, பாதியில் நின்றுவிட்டது. காய் நறுக்கிக்கொண்டிருந்த கையும் அதோடு நின்றது.

"ஆங், இது! இதையே வெச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு, ஈரத்துணி வாளியோடு மாடிக்குப் போனாள். அங்கே எதிர்வீட்டுக்காரியோடு பேச்சில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. இறங்கி வந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண்ணாடி மார்பில் கிடந்தது. "போதுங்க, அதான் ஓகே சொல்லிட்டேனே," என்று தோளைத் தொட்டாள்.

பிறகு டாக்டர் வந்தார். "ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆயிருக்கும்," என்றார்.

அப்படியென்றால் அந்த இரண்டாவது மூச்சு? அது நடிப்பா, அதுவேதானா? மகளிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? புருஷனுக்கு உயிர் போகும்போது நல்லாயிருக்கு என்று சொன்னவள் உலகத்தில் வேறு எவள் இருப்பாள்?

சாயங்காலம் டப்பிங் தியேட்டர் சவுண்ட் இன்ஜினியர் வந்தார். இருபது வருஷமாக அவருக்குத் தம்பி மாதிரி. கட்டிலருகே நின்றவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"ஃபேனை நிறுத்தியிருக்கீங்க, அண்ணி."

அந்த வீட்டில் இன்று அவர் ஒருவருக்குத்தான் அது விளங்கியது. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அவரும் பின்னால் வந்தார்.

"அண்ணி, அண்ணன் பழகிப் பார்க்கறதையெல்லாம் ஃபோன்ல பதிஞ்சு எனக்கு அனுப்புவார். உங்க மார்க்கோட சேர்த்து. தியேட்டர்ல எல்லாரும் கேப்போம்."

"அடப்பாவி மனுஷா. இவ்வளவு வருஷமாவா?"

"இன்னிக்குக் காலையிலயும் ஒண்ணு வந்திருக்கு. நான் வேலையில பாக்கல. வர்ற வழியிலதான் கேட்டேன். உங்களுக்குப் போட்டுக் காட்டலாமா வேண்டாமான்னு..."

"போடு, தம்பி."

முனகல் வந்தது. தூரத்தில் அவள் குரல்: "ஓவரு!" நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அந்த மூச்சு. ஏறியது, நின்றது. அவள் சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஆங், இது! இதையே வெச்சுக்குங்க."

அதன் பிறகு ஒன்றுமில்லை. வெறும் அறை.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"கேட்டியாடா தம்பி? முப்பத்தெட்டு வருஷத்துல ரெண்டாவது டேக்லயே ஓகே வாங்கினது இதுதான். நாளைக்கு வந்து இப்படியே செத்துட்டுப் போறேன். மைக்கை ரெடியா வை."

ஃபோனுக்குள் அவர் சிரித்தார். பின்னணியில், வாளி இடிபட, அவளுடைய செருப்புச் சத்தம் மாடிப்படி ஏறிப் போனது.

அவள் பிடியை விட்டாள். இன்ஜினியர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "டைரக்டர்கிட்ட சொல்லி இதையே படத்துல வெச்சுடட்டுமா, அண்ணி? உங்க குரல் அந்த மூச்சு மேல விழல. வெட்டி எடுத்துடலாம்."

"முதல் தடவையையும் எடுத்துடு," என்றாள். "அது ஓவரு."

அறைக்குத் திரும்பி வந்தாள். அவருடைய சட்டைக் காலரை நேராக இழுத்துவிட்டாள். பிறகு சுவரோரம் போய் ஃபேனைப் போட்டாள்.

செய்தித்தாள்கள் படபடத்தன. அவர் நெற்றியோரத்து நரைமுடி லேசாக எழும்பி விழுந்தது.