ஆறாவது பொறி

உறைந்த ஆற்றிலிருந்து ஐந்து பொறிகளை எடுத்துவிட்டோம். ஆறாவதைக் காணவில்லை.

"விட்டுடலாம் அண்ணி," என்றான் கொழுந்தன் கிளாரன்ஸ். அவன் மீசை முழுக்கப் பனி. "அண்ணனுக்கு எண்ணிக்கை எப்பவுமே உதைக்கும். கல்யாணத்துக்கு நாலு மான் சுட்டேன்னாரு. நான் பார்த்தது ரெண்டுதான்."

"உனக்கு ரெண்டுக்கு மேல எண்ணத் தெரியாதே."

என் கணவர் ஏபெல் மருத்துவமனையில் கடைசியாகச் சொன்னதே இதுதான்: "ஆறு பொறி இருக்கு. எடுத்துடு." அன்றைக்கே இதயம் நின்றுவிட்டது. எங்கள் வழக்கப்படி, ஆள் இறந்தால் அவர் வேட்டையாடிய நிலத்தை இரண்டு குளிர்காலம் சும்மா விடுவோம். இன்றைக்குப் பிறகு நாங்களும் இங்கே வர முடியாது. ஆற்றில் வாழும், மரம் கொறிக்கும் பீவர் பொறியில் மாட்டி, யாருக்கும் உணவாகாமல் வசந்தத்தில் அழுகி மிதந்தால், உயிரை எடுத்து வீணாக்கினான் என்று ஏபெலைத்தான் சொல்வார்கள். பீவரின் ஒரு எலும்பைக்கூட நாய்க்குப் போடாதவர் அவர். எல்லா எலும்பையும் மரியாதையாக ஆற்றுக்கே திருப்பிக் கொடுப்பார்.

வளைவுக்குக் கீழே, பீவர்கள் கட்டிய குச்சி மேட்டை நோக்கி நடந்தேன்.

"அங்க பனிக்கட்டி மெல்லிசு. என் பின்னாடி வாங்க. நீங்க விழுந்தா இழுக்க பனிவண்டி வேணும்."

"நீ விழுந்தா இழுக்கவே மாட்டேன், போடா."

மேட்டருகே பனிக்கு மேல் ஒரு விரல் நீளத்துக்கு ஸ்ப்ரூஸ் மரக் கிளை தெரிந்தது. நுனி கோடரியால் வெட்டப்பட்டிருந்தது. ஏபெல் நட்ட அடையாளம். கிளாரன்ஸ் கடப்பாரையால் குத்திக் குத்தித் துளை போட்டான். இருவரும் சேர்ந்து, பொறி கட்டியிருந்த கம்பை மேலே இழுத்தோம்.

பொறியில் எதுவும் இல்லை. விரித்த வாய் விரித்தபடியே இருந்தது. இரைக்குக் கட்டிய பாப்லர் மரக் குச்சியில் துளிப் பட்டை மிச்சமில்லை. பீவர் பொறிக்குள் நுழைந்து, நிதானமாகத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. பொறி மூடாமல் இருக்க மாட்டும் இரண்டு கொக்கிகளும் அப்படியே இருந்தன. தண்ணீரில் இறக்கும்போது அவற்றைக் கழற்ற வேண்டும். முப்பது வருடத்தில் ஏபெல் ஒருமுறைகூட மறந்ததில்லை.

"பீவருக்கு விருந்து வச்சிருக்காரு அண்ணன்!" கிளாரன்ஸ் சிரித்தான். என் பதிலுக்காகக் காத்திருந்தான்.

இந்தப் பொறியை வைத்த அன்று ஏபெல் மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டார். நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன, டீ வாசனை ஆறு வரைக்கும் வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"கை கொஞ்சம் மரத்துப்போச்சு."

"ஐயோ, புது மாப்பிள்ளைக்குக் கை மரத்துப்போச்சாம்!"

அவரும் சிரித்தார். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் டீ குடித்தார். நான் இன்னும் இரண்டு கேலி சொன்னேன்.

"அண்ணி?" என்றான் கிளாரன்ஸ். அவன் சிரிப்பு நின்றிருந்தது.

கையுறையைக் கழற்றி ஒரு கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன். சின்னக் கொக்கிதான். கழற்ற இரண்டு விரல் போதும்.