செவ்வாய்க் கல்லும் முதல் பெயரும்

சுந்தரேஷை நாலு பேர் பார்க்க மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும் என்பது மாதங்கியின் இரண்டு வருட ஆசை. சாமி கும்பிடும்போதுகூட இதுதான் வேண்டுதல். எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று வாய் முணுமுணுக்கும். அந்த எல்லாரில் சுந்தரேஷ் கிடையாது.

காரணம் இல்லாமல் இல்லை. சுந்தரேஷ் தில்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தின் தலைவர். மாதங்கி அவரிடம் மாடாய் உழைத்தவள். விண்கல்லைச் சூடாக்கி, அதிலிருந்து கிளம்பும் கரிம மூலக்கூறுகளில் இடது எது, வலது எது என்று பிரித்துக் காட்டும் முறை அவள் கண்டுபிடித்தது. இந்த மூலக்கூறுகளும் செருப்பு மாதிரிதான், இடது வலது என்று இரண்டு உண்டு. உயிரில்லாத கல்லில் இரண்டும் சரிபாதி கிடக்கும். உயிர் மட்டும்தான் ஒரே காலுக்குச் செருப்பு தைத்துக்கொண்டிருக்கும். ஆக, வேற்றுக் கிரகத்துக் கல்லில் ஒரு பக்கம் மட்டும் வந்தால் அங்கே ஏதோ ஒரு நுண்ணுயிர் வாழ்ந்திருக்கலாம். இவ்வளவுதான் விஷயம். கட்டுரை அச்சில் வந்தபோது அதில் சுந்தரேஷ் இருந்தார், அவருடைய வெளிநாட்டு நண்பர்கள் இருந்தார்கள், மாதங்கி இல்லை. கேட்டதற்கு, "இடம் பத்தலைம்மா, அடுத்ததுல பாத்துக்கலாம்" என்றார். பெயர் போட இடமில்லையாம்! ரயில் பெர்த்தா அது? அன்றைக்கே ராஜினாமா செய்துவிட்டு வேறொரு நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தாள்.

அந்த மனுஷர்தான் விஜயதசமி கழிந்த வாரம் போனில் கூப்பிட்டார்.

"மாதங்கி, செவ்வாய்லேர்ந்து வந்த கல்லு. வலது பக்கம் மட்டும் வர்றது! புரியறதா உனக்கு? தாமசிச்சா அமெரிக்காக்காரா முந்திப்பா. ஒரு துணுக்கு அனுப்பறேன், ஜல்தி உன் மெஷின்ல ஓட்டிச் சொல்லு. தில்லில உன்னை விட்டா யாருக்கு இது தெரியும்?"

இது இரண்டு வருடம் முன்னால் தெரிந்திருக்க வேண்டும். கல்லை வாங்கிக்கொண்டாள். செவ்வாயில் ஏதோ மோதி, அங்கிருந்து தெறித்து, பாலைவனம் ஒன்றில் வந்து விழுந்த கல்லின் கடைசித் துணுக்கு. மீதியைச் சுந்தரேஷ் சூடாக்கித் தீர்த்திருந்தார்.

ஓட்டிப் பார்த்தாள். இடதும் வலதும் சரிபாதி. செத்த கல். மறுபடி ஓட்டினாள், அதேதான். ஐயோ, போயிற்றே என்று அவள் மனசு துடித்ததாகச் சொன்னால் பொய். குளிர்ந்தது.

ஆனால் அவருக்கு மட்டும் ஒரு பக்கம் எப்படி வந்தது? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. சூட்டில் கருகி இனி எதற்கும் உதவாத தூளைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் பழைய ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அவர் அறையில் இல்லை. கருவிக்கு முன்னால் நின்றதுமே புரிந்துவிட்டது. கல்லை உள்ளே வைக்கிற வாயின் விளிம்பில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜைக்குச் சுந்தரேஷ் வீட்டிலிருந்து பச்சைக் கற்பூரம் போட்டு இழைத்த சந்தனம் வரும். கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைப்பார்கள். மாதங்கி இருந்த காலத்தில் அவள் கருவியைத் தொட விடமாட்டாள், பக்கத்து மேஜைக்கு வைத்துக் கும்பிட்டுக்கொள்ளச் சொல்வாள். இப்போது அங்கே சுஷ்மா இருந்தாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த ஆராய்ச்சி மாணவி, தமிழில் இந்தி கலந்து பேசுவாள்.

"பொட்டு நான்தான் வெச்சேன் மேம். அச்சா இருக்குல்ல? சார்தான் மெயின் இடத்துல வைக்கச் சொன்னாங்க."

"வெறும் மெஷினை ஓட்டிப் பார்த்தேளா?"

"பூஜைக்கு முன்னாடியே பார்த்தோம் மேம், ஏக்தம் க்ளீன். விஜயதசமி நல்ல நாள்னு சார் அன்னிக்கே கல்லை வெச்சிட்டாங்க."

சந்தன மரமும் கற்பூர மரமும் உயிருள்ளவை. அவற்றின் வாசனை ஒரே காலுக்குத் தைத்த செருப்பு. கருவியின் வாய் சூடானதும் அது உள்ளே போயிருக்கிறது. பூஜைக்குப் பிறகு ஒரு தடவை வெறுமனே ஓட்டிப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். நல்ல நேரம் போய்விடுமே என்று அவசரம்!

சுந்தரேஷ் உள்ளே வந்தார். மறுநாளே பத்திரிகைக்காரர்களைக் கூட்டிச் செய்தியை அறிவிக்க ஏற்பாடு செய்திருந்தார். "என்ன, பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"அப்பறம்?"

ஒரு வாக்கியம் போதும், மனுஷர் தப்பித்துவிடுவார். "நாளைக்குக் கூட்டத்துல நானே வந்து சொல்றேன் சார்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதில் அவர் என்றைக்கும் கெட்டிக்காரர்.

கிட்வாய் நகர் வீட்டில் அவள் கணவன் ஜம்பு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போன் பண்ணி சொல்லிடேன். நாளைக்கு டிவிக்காராள்லாம் வருவா, மானம் போயிடும்" என்றான்.

"அதுக்குத்தான் சொல்லலை."

"நீ சயின்டிஸ்டா, வேற எதாவதா?"

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வேற எதாவது."

கூட்டம் சாணக்யபுரியில். காமிராக்கள், பூச்செண்டுகள், முன்வரிசையில் அதிகாரிகள். சுந்தரேஷ் கோட்டு போட்டிருந்தார். பேசப் பேச அவர் குரல் ஏறியது. செவ்வாயில் உயிர் இருந்ததற்கான அறிகுறி என்று அவர் சொன்னதும் கூடமே கைதட்டியது. மாதங்கி மூன்றாவது வரிசையில் காத்திருந்தாள்.

பிறகு திரையில் இந்தக் கல்லைப் பற்றிய புதுக் கட்டுரையின் முதல் பக்கம் வந்தது. முதல் பெயர் மாதங்கி. இரண்டாவதுதான் சுந்தரேஷ்.

"இந்த முறையைக் கண்டுபிடிச்சவங்க இவங்கதான்" என்று அவளை நோக்கிக் கை நீட்டினார். எல்லாத் தலைகளும் திரும்பின.

எத்தனை ராத்திரி இந்த ஒரு வரிக்காக அழுதிருக்கிறாள்! கல் தீர்ந்துவிட்டது. இரண்டு இடத்திலும் ஒரே முடிவு என்று சொன்னால் பொய் என்று நிரூபிக்க யாராலும் முடியாது. பல வருடத்துக்கு அந்தப் பெயர் அங்கேயே இருக்கும். அவர் முகத்தைப் பார்த்தாள். சூது எதுவும் தெரியவில்லை, நிஜமான சந்தோஷம்தான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையான உழைப்புக்கு வராத கை, ஒன்றுமில்லாமல் போன கல்லுக்கு வந்திருக்கிறதே!

மைக் அவளிடம் வந்தது. அவள் அறிவியலின் மேல் வைத்த பக்தியால் எழுந்தாள் என்று பிற்பாடு எந்தப் பத்திரிகையாவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

"எங்க கருவியில ரெண்டு பக்கமும் சரிபாதிதான் வந்தது" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். "இவங்களுக்கு வந்தது, ஆயுத பூஜைக்கு மெஷின் வாயில வெச்ச சந்தனப் பொட்டு. சந்தன மரத்துக்கு உயிர் உண்டுன்னு நிரூபிச்சிருக்கோம். வாழ்த்துகள்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. காமிராக்கள் சுந்தரேஷ் பக்கம் திரும்பின. அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி அவளிடம் வந்தார்.

"நேத்திக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"உன் பேரும்னா சேர்ந்து போறது, மாதங்கி."

அவள் திரையை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். கண் கலங்கியது. அதைத் துடைக்கவில்லை.

"எடுத்துடுங்கோ சார்" என்றாள். "உங்களுக்கு இது என்ன புதுசா?"